எங்களுக்கென்று ஒரு வக்கீல்

மலைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாந்தியெடுத்த செய்தி ஊருக்கெல்லாம் மறுநாள் பேப்பரில் வந்தது. எனக்கு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. எங்கள் பள்ளிச் சமையற்கூடத்தைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். டி.வி.எஸ். ஐம்பதில் ஒருவர் வந்து பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினார். எங்கள் சத்துணவு ஊழியர் சங்கத்து உறுப்பினர் ஒருத்தியின் கணவர். சட்டை முழுக்க வியர்வை.

“யம்மா, எங்க வூட்டுக்காரிய ஸ்டேஷன்ல ஒக்கார வச்சிகினு இருக்காங்க. கூட சமையக்காரம்மாவையும். நீங்கதான சங்கத்து செகரட்டரி? நீங்க வந்தாத்தான் ஆவும்.”

நான் அப்போது கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பதும் சமையலை மேற்பார்வை பார்ப்பதும் என் வேலை. எனக்குக் கீழே ஒரு சமையலர், ஒரு உதவியாளர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் இப்படி மூன்று பேர்தான். மாதாமாதம் கிடைப்பது தொகுப்பூதியம். நாங்கள் எங்களை அரசு ஊழியர் என்று சொல்லிக்கொள்வோம். அரசாங்கம் அப்படிச் சொன்னதில்லை.

செயலாளர் பதவி எனக்கு வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வருடக் கூட்டத்தில் வேறு யாரும் நிற்க முன்வரவில்லை. யாரோ என் பேரைச் சொன்னார்கள், நான் எழுந்து மறுப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். அதுவரை நான் செய்த சங்க வேலை சந்தா ரசீது கிழிப்பதும், விழுப்புரத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் பெண்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவதும்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

ஸ்டேஷனுக்குள் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியில் வந்தவரின் மனைவிதான் மலைப் பள்ளி அமைப்பாளர், கச்சிராயபாளையத்துப் பக்கம் வீடு. தினமும் காலை பஸ்ஸில் மலையேறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

“நான் இன்னிக்கு இஸ்கூல்லயே இல்லக்கா. பி.டி.ஓ. ஆபீஸ்ல மீட்டிங்னு வரச்சொன்னாங்க, அங்க போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா புள்ளைங்கள வேன்ல ஏத்திகினு இருக்காங்க. நான் இன்னாக்கா பண்ணேன்?”

அவருக்குப் பக்கத்தில் இருந்த சமையலர் அழவில்லை. மலைக்காரப் பெண், முப்பது வயது இருக்கலாம். சேலையில் அடுப்புப் புகை வாசம் அப்படியே இருந்தது. அவர் என்னை யாரென்றுகூடக் கேட்கவில்லை.

“ஆஸ்பத்திரில புள்ளைங்க எப்பிடி கீதுங்கம்மா? எம்பொண்ணும் அதுல ஒண்ணு. எங்கையாலதான் அதுக்கும் சோறு போட்டேன்.”

ஏட்டைக் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள், பயமில்லை என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சமைத்தது சாம்பார் சாதம். அதில் என்ன விழுந்தது, எது கெட்டிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பல்லி என்றார்கள். எண்ணெய் டின் பழசு என்றார்கள். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டியே மரவள்ளிக் கொல்லை, அங்கே மருந்து அடித்த டிரம்மைக் கழுவினார்கள் என்றும் ஒரு பேச்சு. மிச்சமிருந்த சோற்றையும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பேப்பரில் பல்லி என்றே போட்டார்கள். அப்புறம் பல்லிதான் என்று ஆகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். “ஸ்டேஷன்லயே ஜாமீன்ல வுடக்கூடிய செக்‌ஷன்தாம்மா. ஆளுக்கு ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணும். பட்டாவோ வூட்டு வரி ரசீதோ கொண்டாரச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டு இட்டுக்கினு போங்க.”

அமைப்பாளருக்கு அவருடைய அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் ரசீதோடு வந்தார்கள். இருட்டுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

சமையலரின் கணவர் கடைசி பஸ்ஸில் இறங்கி வந்தார். கூட ஊர்ப் பெரியவர் இருவர். மூவருக்கும் மலையில் நிலம் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருக்கிற நிலம். ஆனால் ஒருவரிடமும் பட்டா இல்லை. அந்த மலையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வீட்டுக்கு வரி போட்டதில்லை, அதனால் ரசீதும் இல்லை. பெரியவர் ஒருவர் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். ஏட்டு அதை வாங்கிப் பார்த்து, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

என் மாமனார் பேரில் வீடு இருந்தது. போன் செய்து கெஞ்சினேன். “யாரு எவருன்னு தெரியாத ஆளுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?” என்று வைத்துவிட்டார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் மாவட்டத் தலைவரைக் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டையும் கனத்த குரலுமாக மேடையில் எங்களுக்காக முழங்குகிறவர்.

“கவலப்படாதம்மா. நாளைக்கே கண்டன ஆர்ப்பாட்டம் அறிவிச்சிடலாம்.”

“ஆர்ப்பாட்டம் வேணாம் சார். ஜாமீனுக்கு ரெண்டு ஆளு வேணும். உங்களுக்கு இங்க தெரிஞ்சவங்க எவ்வளவு பேரு இருக்காங்க!”

“அதெல்லாம் சங்கத்து வேலை இல்லம்மா. சங்கம்னா கோரிக்கை, போராட்டம். தனிப்பட்ட கேஸெல்லாம் அவங்கவங்கதான் பாத்துக்கணும்.”

அப்படியென்றால் எதற்குச் சந்தா வாங்குகிறோம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அங்கேயும் ஜாமீன்தாரர் இல்லாததால் ரிமாண்ட் ஆகி, பெண்கள் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் தேறி வீடு திரும்பியபோது அவருடைய மகளும் திரும்பினாள். அம்மா வீட்டில் இல்லை.

அமைப்பாளருக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. சமையலருக்கு அப்படி ஒரு காகிதம்கூட வரவில்லை. இனி வரவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி.

கோர்ட்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். நிதானமான மனிதர். அவர்தான் தன் கட்சிக்காரர்களான விவசாயிகள் இருவரைப் பேசிப் பிடித்து அந்தப் பெண்ணுக்கு ஜாமீன் நிற்கவைத்தார். அதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய பீஸுக்காகச் சம்பள நாளில் ஒன்றிய அலுவலக வாசலில் நின்று பெண்களிடம் கையேந்தினேன். என்னோடு நின்றவர் நகரப் பள்ளி ஒன்றின் சமையலர், கருணாபுரத்துக்காரர். கணவர் மூட்டை தூக்குகிறவர். இவர் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். எங்களைப் பார்த்ததும் தெரிந்தவர்களே வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, “பல்லி வுழுந்ததப் பாக்காம இன்னா பண்ணிகினு இருந்தாளாம்?” என்று கேட்டுவிட்டே போனாள்.

வெயிலில் நின்று களைத்துப்போய், டீக்கடையில் உட்கார்ந்தபோது கருணாபுரத்துக்காரர் சொன்னார்.

“யக்கா, ஒவ்வொரு தபாவும் இப்பிடி முந்தானைய விரிச்சிகினு நிக்க முடியாது. நாளைக்கு எனக்கும் வரும், உனக்கும் வரும். எல்லாரும் மாசாமாசம் கொஞ்சம் போட்டு வைப்போம். ஒருத்திக்கு கேஸுன்னா அன்னிக்கே வக்கீலு வந்து நிக்கணும். ஜாமீன் ஆளயும் நாமளே ரெடி பண்ணி வச்சிக்கணும்.”

எங்கள் சட்டப் பாதுகாப்பு நிதி அந்த டீக்கடை பெஞ்சில்தான் ஆரம்பித்தது. இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றே நம்பினேன்.

முதல் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வகுப்பறையில் போட்டோம். தப்புச் செய்யாதவளுக்கு வக்கீல் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். தப்புச் செய்தவளுக்கு நாங்கள் எதற்குக் கட்டவேண்டும் என்றாள் அடுத்தவள். இரண்டுக்கும் பலமாகத் தலையாட்டினார்கள். தப்புச் செய்தாளா இல்லையா என்று கோர்ட்டு சொல்கிற வரைக்கும்தான் வக்கீல் வேண்டும் என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறவில்லை. “எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸு, அதுவரைக்கும் ஒண்ணும் வராது” என்று சொல்லி ஒரு மூத்த அமைப்பாளர் எழுந்து போனார். கடைசியில் கருணாபுரத்துக்காரர் மேசையைத் தட்டி, “நாளைக்கு உங்க அண்டாவுல ஒரு பல்லி வுழாதுன்னு யாராவது எழுதிக் குடுங்க, நான் இப்பவே வூட்டுக்குப் போறேன்” என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அதற்கப்புறம் பணத்தைப் போட்டு வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. பேங்கில் நிதிக்குப் பதிவுச் சான்று கேட்டார்கள். பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கவில்லை.

“நீங்க கவர்மெண்டு ஸ்டாஃபு. நிதி வசூல் பண்ணணும்னா டிபார்ட்மெண்டு அனுமதி வேணும். வாங்கிக்கினு வாங்க.”

ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன்.

“நீங்க கவர்மெண்டு ஸ்டாஃபே இல்லியேம்மா. தொகுப்பூதியம். உங்களுக்கு நாங்க எப்பிடி அனுமதி குடுக்கறது?”

“அப்ப அதையே எழுதிக் குடுங்க சார். அனுமதி தேவையில்லன்னு.”

“எழுதிலாம் குடுக்க முடியாது.”

மறுபடியும் பதிவு அலுவலகம். எழுதித் தராததை நான் எப்படி நம்புவது என்றார் எழுத்தர். நியாயமான கேள்விதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் நாங்கள் பொறுப்புள்ள அரசு ஊழியர்கள், ஒரே நாளில் சஸ்பெண்ட். எங்களுக்கென்று ஏதாவது கேட்டால் நாங்கள் யாருமே இல்லை. இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் நான் எத்தனை முறை அலைந்தேன் என்று சொல்லி யாருக்கும் அலுப்பூட்டப்போவதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்து, பாத்திரம் எண்ணி வைத்து, பஸ் பிடித்துப் போனால், பாதி நாள் சார் லஞ்சுக்குப் போயிருப்பார், மீதி நாள் கேம்ப் போயிருப்பார்.

வக்கீல்தான் வழி சொன்னார். “பதிவெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். போஸ்ட் ஆபீஸ்ல மூணு பேரு சேர்ந்து கணக்கு ஆரம்பிக்கலாம். உங்களுக்குள்ள நம்பிக்கை இருந்தா போதும்.” என் பேரிலும், பொருளாளர் பேரிலும், கருணாபுரத்துக்காரர் பேரிலும் கணக்கு ஆரம்பித்தோம். தபால் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சிரித்தோம்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. மாநிலத் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. கிளைகள் தனியாக நிதி வைத்துக்கொள்ளக்கூடாது, வசூலானதைத் தலைமைக்கு அனுப்பவும், தகுதியுள்ள வழக்குகளைத் தலைமை பரிசீலிக்கும் என்று இருந்தது. அதைத் தொடர்ந்து மாவட்டத் தலைவரே நேரில் வந்தார். தனிப்பட்ட கேஸெல்லாம் சங்கத்து வேலை இல்லை என்று சொன்ன அதே மனிதர், இப்போது நிதியை யார் ஆள்வது என்று என்னோடு அரை நாள் வாதாடினார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பணம் எங்களிடமே இருக்கும். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவுக்கு அவர் தலைவர். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினருக்கு மட்டுமே உதவி என்ற விதியை அவர் தன் கையால் எழுதிச் சேர்த்தார்.

அந்த விதி யாரை வெளியே தள்ளுகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். மலைப் பள்ளிச் சமையலர்களில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. அவர்களைச் சேர்க்க யாரும் மலையேறிப் போனதில்லை. கூட்டம் எப்போதும் ஊரில்தான் நடக்கும். மலையிலிருந்து வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும். சொன்னேன். “அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம்” என்றார் தலைவர்.

வழக்கு நடக்கத் தொடங்கியதும் வக்கீல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அமைப்பாளரு கேஸு லேசுதாம்மா. அன்னிக்கு மீட்டிங்ல இருந்ததுக்கு ஆபீஸ் பதிவே சாட்சி. ஆனா ஒரு சிக்கல். அவங்க அங்க இல்லன்னு நான் சொன்னா, அங்க இருந்தது யாருன்னு கோர்ட்டு கேக்கும். அதுக்கு பதிலு அந்த மலைக்காரப் பொண்ணுதான். ரெண்டு பேருக்கும் நானே ஆஜராவ முடியாது. அந்தப் பொண்ணுக்கு வேற வக்கீல் வைங்க.”

உடனே கூட்டம் போட்டேன். மலையேறிப் போய் அந்தப் பெண்ணிடம் சந்தா வாங்கி, உறுப்பினர் ரசீதும் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அன்றைக்குத் தலைவரும் வந்தார்.

“கேஸு வந்தப்பறம் சங்கத்துல சேர்றது, செத்தப்பறம் இன்சூரன்ஸ் போடற மாதிரி” என்றார். அமைப்பாளர்கள் வரிசையில் சிரிப்பு.

கருணாபுரத்துக்காரர் எழுந்தார். “சிரிங்க. அமைப்பாளரக் காப்பாத்த எங்காளு தலமேல கால வச்சி ஏறப் போறீங்க. அதுக்கு எங்க துட்டையே எடுத்து வக்கீலுக்குக் குடுப்பீங்க. சோத்த ஆக்கறது நாங்க, கணக்கு எழுதறது நீங்க. மாட்டறதுன்னா மட்டும் நாங்க மொதல்ல மாட்டணுமா?”

“நீங்க போடறது கம்மி, நாங்க போடறது ஜாஸ்தி” என்றாள் ஓர் அமைப்பாளர்.

“எங்க சம்பளமும் கம்மிதாம்மா!”

அதற்குமேல் யார் பேசியது என்றே புரியாதபடி கூச்சல். நான் செயலாளர் நாற்காலியில் நின்றுகொண்டு கத்தினேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நிதியிலிருந்து வக்கீல் வைக்கலாமா என்று கை தூக்கச் சொன்னார் தலைவர். அன்று வந்திருந்தவர்களில் அமைப்பாளர்களே அதிகம். சமையலர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். தோற்றுப்போனோம். சம்பந்தப்பட்ட அமைப்பாளர் ஒரு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, அந்தப் பக்கமும் தூக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை என்னோடு நடந்து வந்தவர், பஸ் வந்த பிறகு சொன்னார்.

“நான் அங்க இல்லன்றது பொய்யில்லியேக்கா. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது. அவளுக்காக நான் இருந்தேன்னு சொல்ல முடியுமா?”

முடியாதுதான். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

கருணாபுரத்துக்காரர் சமையலர்களிடம் மட்டும் தனியாக வசூலித்து ஓர் இளம் வக்கீலை வைத்தார். அவர் இரண்டு வாய்தாவுக்கு வந்தார். அப்புறம் சென்னைக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் தனியாக வந்து போனார். விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் இருக்கிற இடம்வரை நடந்து, மலையிறங்கி, கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்து, பேர் கூப்பிட்டால் உள்ளே போய், தள்ளிவைத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று தள்ளி வைப்பார்கள். சாட்சி வரவில்லை என்று தள்ளி வைப்பார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் ஓடாத ஒரு நாளில் அவரால் வர முடியவில்லை. சொல்ல வக்கீல் இல்லை. வாரண்ட் பிறப்பித்துவிட்டார்கள்.

போலீஸ் ஜீப் அவர்கள் ஊருக்குப் போனதும் சாராயம் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆண்களெல்லாம் காட்டுக்குள் ஓடிவிட்டார்களாம். ஜீப்பில் ஏறியது இந்தப் பெண்தான்.

செய்தி கேட்டு நானும் கருணாபுரத்துக்காரரும் கோர்ட்டுக்கு ஓடினோம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர் ஏற்கெனவே கூண்டில் நின்றிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“ஆமாங்க” என்றார்.

மாஜிஸ்திரேட்டுக்கே திருப்தியில்லை போலிருந்தது. “எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?”

“தெரியுங்க. அன்னிக்கு சோறு ஆக்கனது நான்தாங்க.”

அது குற்றமில்லை, அப்படிச் சொல்லாதே என்று எனக்குக் கத்தத் தோன்றியது. கருணாபுரத்துக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாராவது உனக்கு வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் அவர் சொல்லியிருப்பார். எங்கள் போஸ்ட் ஆபீஸ் கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருந்தது.

அபராதமும், கோர்ட்டு கலைகிறவரை தண்டனையும் விதித்தார்கள். கோர்ட்டு கலைகிறவரை என்றால் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். வெளியில் வந்ததும், “முடிஞ்சிச்சாம்மா? இனிமே வர வேணாமில்ல?” என்று மட்டும் கேட்டார். அபராதத்தை நாங்கள் இருவரும் கட்டினோம்.

சில மாதம் கழித்து அமைப்பாளரின் வழக்கு தள்ளுபடியானது. பரிசோதனை அறிக்கை கடைசிவரை வரவேயில்லை. அறிக்கை இல்லாமல் உணவில் கோளாறு என்று நிரூபிக்க முடியாது என்று எங்கள் வக்கீல் வாதாடினார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இதே பத்து நிமிஷ வாதத்தை யாராவது அந்தப் பெண்ணுக்காகவும் செய்திருக்கலாம். அமைப்பாளருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சமையலருக்குத் தண்டனை ஆகிவிட்டதால் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

நான் செயலாளர் பதவிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கருணாபுரத்துக்காரர் அதை வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். “நீ போய்ட்டா தலைவருக்கு ஜாலிதான். விதிய மாத்திட்டுப் போ.”

அடுத்த கூட்டத்தை வெள்ளிமலையில் வைத்தேன். கீழே இருந்த அமைப்பாளர்கள் முனகினார்கள். பஸ் வசதி இல்லை, குளிர், தலை சுற்றுகிறது என்றார்கள். பாதிப் பேர் வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. மலைச் சமையலர்களும் உதவியாளர்களும் கூட்டமாக வந்திருந்தார்கள். சமையற்கூடத்தில் வேலை செய்கிற யாராக இருந்தாலும், எந்தப் பதவியாக இருந்தாலும், உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழக்கென்று வந்தால் அன்றைக்கே வக்கீலும் ஜாமீனும் என்று விதியை மாற்றினோம். பட்டா வைத்திருந்த சிலர் வீட்டு ஆண்களைப் பேசிச் சம்மதிக்க வைத்து ஜாமீனுக்குத் தயாராக வைத்தோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு அமைப்பாளர்கள் நிதிக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்றும் சிலர் என்னோடு பேசுவதில்லை.

அந்த வருட மாநாட்டில் மாவட்டத் தலைவர் மேடையில் சொன்னார். ஏழை ஊழியரின் கண்ணீரைத் துடைக்கத் தாம் கண்ட கனவே இந்த நிதி என்றார். பலத்த கைதட்டல். எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள்.

விதியை மாற்றியதும் அந்தப் பெண்ணுக்காக மேல்முறையீடு செய்யலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். “ஒப்புக்கிட்ட கேஸு, கஷ்டம்தான். நாளும் கடந்துபோச்சி. இருந்தாலும் கேள்வி புரியாம சொல்லிட்டாங்கன்னு போட்டுப் பாக்கலாம். அவங்க கையெழுத்து வேணும்” என்றார். காகிதங்களை எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

அவர் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பீஸ் நாங்கள் கட்டுகிறோம், பஸ் செலவும் நாங்களே, நல்ல வக்கீல், ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும் என்றேன்.

“வேணாம்மா.”

“ஏன்? உன் மேல தப்பில்லன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?”

“இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். கீழ இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?”

“ஒரு கையெழுத்துதான கேக்கறேன். நீ வரக்கூட வேணாம்.”

“மொதல்ல அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க. அப்பறம் வரச்சொல்லுவாங்க.” கோபமில்லாமல்தான் சொன்னார். “நீங்க அலையறீங்கன்னு தெரியுது. எனக்காவ அலயாதீங்க. இனிமே யாருக்காச்சும் வந்தா அவங்களுக்குப் பாருங்க.”

நான் விடவில்லை. விதியை மாற்ற எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா என்று கேட்டேன். உனக்காகத்தான் செய்தோம் என்றேன். அவர் கீழே கிடந்த கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கடைசி பஸ் அது. நான்கு கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்து, ஓடிப்போய் ஏறுங்கள் என்றார்.

பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. காகிதங்கள் மடியிலேயே இருந்தன. எரிச்சல் அடங்கவில்லை. தலைவர் மேல், கை தூக்கியவர்கள் மேல், ஓடிப்போன இளம் வக்கீல் மேல், கையெழுத்துப் போட மறுத்த அந்தப் பெண் மேலும்கூட. அவருக்கு வேண்டியபோது கொடுக்காமல், வேண்டாம் என்கிறபோது கொண்டுபோய் நீட்டினால் அவர் வேறு என்ன செய்வார் என்பதும் புரிந்துதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் உரக்கடை மாடிக்குப் போனேன்.

“கையெழுத்து வாங்கினீங்களா?” என்றார் வக்கீல்.

“இல்ல சார். வேணாம்னுட்டாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு வாசலைக் காட்டினார். படியில் ஒரு சமையல் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். களமருதூர்ப் பக்கத்துப் பள்ளி. கஞ்சி வடிக்கும்போது ஒரு பிள்ளையின் காலில் தெறித்துவிட்டதாம், ஸ்டேஷனில் கூப்பிட்டிருக்கிறார்களாம். நிதிக்கு அவர் இதுவரை கட்டியதில்லை. எங்கள் ஒன்றியமும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித் தயங்கினார்.

“மொதல்ல உள்ள வந்து ஒக்காரும்மா” என்றேன்.